விழா நாளை விடுங்கள், செவ்வாய்க்கிழமை மாலையைப் பாருங்கள்

கேள்வி: எங்கள் டவுன்ஷிப்பில் பெரிய பூங்கா ஒன்றும் சின்னப் பூங்காக்கள் இரண்டும் இருக்கின்றன. இந்த ஆண்டு பூங்காக்களையும் பொழுதுபோக்கு நிகழ்ச்சிகளையும் கவனிக்கும் பொறுப்பை என் தலையில் கட்டிவிட்டார்கள். ஆண்டு விழாவுக்குக் கூட்டம் அள்ளுகிறது, மற்ற நாள்களில் பெரிய பூங்கா வெறிச்சோடிக் கிடக்கிறது. பணத்தில் பெரும்பகுதி அந்த ஒரு விழாவுக்கே போய்விடுகிறது. கமிட்டியில் பாதிப் பேர் பெரிய விளையாட்டுச் சாதனம் ஒன்றும் நிரந்தர மேடையும் வேண்டும் என்கிறார்கள். முதியவர்களுக்குச் சத்தம் பிரச்சினை, இளைஞர்களுக்கு விளையாட இடமில்லை என்ற கோபம், நாய் வளர்ப்பவர்களோடு தனிச் சண்டை. எனக்கு இதில் முன் அனுபவம் எதுவும் இல்லை. எங்கே தொடங்குவது?

பதில்:

தலையில் கட்டிவிட்டார்கள் என்கிறீர்கள். பூங்காப் பொறுப்பு யாருக்கும் வேறு விதமாக வந்து நான் பார்த்ததில்லை, அதனால் அதை விட்டுவிடுவோம். உங்கள் கடிதத்தில் எனக்கு முக்கியமாகப் பட்டது நீங்கள் போகிற போக்கில் எழுதிய ஒரு வரிதான்: விழாவுக்குக் கூட்டம், மற்ற நாள்களில் யாரும் இல்லை. சாதனம், மேடை, சத்தம், நாய் எல்லாம் இதற்குப் பிறகுதான். விழா என்பது ஆண்டில் ஒரு நாளோ இரண்டு நாளோ. மிச்சமிருக்கும் முந்நூற்றுச் சொச்சம் நாள்களில், ஒன்றும் விசேஷமில்லாத ஒரு செவ்வாய்க்கிழமை மாலையில், அந்த இடம் எப்படி இருக்கிறது என்பதை வைத்துத்தான் நிர்வாகம் ஒழுங்காக நடக்கிறதா இல்லையா என்று நான் சொல்வேன். பணமும் கவனமும் முதலில் பராமரிப்புக்குப் போகட்டும், அப்புறம் வாரா வாரம் நடக்கும் சின்னச் சின்ன நிகழ்ச்சிகளுக்கு, கடைசியாகப் பெரிய விழாவுக்கு. உங்கள் கமிட்டியில் இந்த வரிசை தலைகீழாக இருக்கிறது. ஏன் என்பதும் புரியாத விஷயமில்லை. விழாவைப் போட்டோ எடுக்கலாம், நட்டு இறுக்கியதை யார் போட்டோ எடுப்பார்கள்?

முதல் மாதம் எதையும் வாங்காதீர்கள், எதையும் இடிக்காதீர்கள். ஒரு நோட்டும் பூங்காவின் வரைபட நகல் ஒன்றும் எடுத்துக்கொண்டு போய் உட்காருங்கள். ஒரு நாள் விடிகாலை, ஒரு நாள் மத்தியானம், இன்னொரு நாள் பள்ளி விட்ட பிறகு, விளக்கு எரிய ஆரம்பித்த பிறகு ஒரு நாள் என்று மாற்றி மாற்றிப் போங்கள். யார் வருகிறார்கள், எங்கே நிற்கிறார்கள், எவ்வளவு நேரம் இருக்கிறார்கள், எதனால் கிளம்புகிறார்கள், இவ்வளவு குறித்தால் போதும். கடைசிக் கேள்விதான் நிறையச் சொல்லும். குழந்தையோடு வந்தவர் அரை மணி நேரம்கூட இருக்காமல் கிளம்பினால் பெரும்பாலும் காரணம் வெயிலாக இருக்கும், இல்லாவிட்டால் பூட்டிக் கிடக்கும் கழிப்பறை. கருத்துக்கணிப்புப் படிவம் அனுப்பலாமே என்று யாராவது சொல்வார்கள். அனுப்புங்கள், தப்பில்லை. ஆனால் அதை நிரப்பித் தருபவர்கள் ஏற்கெனவே பூங்காவுக்கு வருகிறவர்களும் ஏற்கெனவே கோபத்தில் இருப்பவர்களும்தான். வராதவர் ஏன் வரவில்லை என்பது எந்தப் படிவத்திலும் ஏறாது.

வியன்னா நகரில் 1990-களில் இப்படித்தான் பூங்காவில் யார் இருக்கிறார்கள் என்று பார்க்க ஆரம்பித்தார்கள். ஒன்பது வயதைத் தாண்டியதும் பெண் பிள்ளைகள் சட்டென்று காணாமல் போவது தெரிந்தது, பையன்கள் மட்டும் வந்துகொண்டே இருந்தார்கள். யாரும் யாரையும் துரத்தவில்லை. நடுவில் இருந்த ஒரே பெரிய திறந்தவெளியைப் பந்து விளையாடும் பையன்கள் பிடித்துக்கொள்ள, இடத்துக்குப் போட்டி என்று வந்ததும் பெண் பிள்ளைகள் ஒதுங்கிக்கொண்டார்கள், அவ்வளவுதான். 1999-இல் ஐந்தாவது மாவட்டத்தில் இரண்டு பூங்காக்களை மாற்றிப் பார்த்தார்கள். நடைபாதைகள் சேர்த்தார்கள், வாலிபால், பாட்மின்டன் ஆட இடம் ஒதுக்கினார்கள், பெரிய வெளியைச் செடி கொடிகளால் சிறு சிறு பகுதிகளாகப் பிரித்தார்கள். பெண் பிள்ளைகள் திரும்பி வந்தார்கள். இளைஞர்களுக்கு இடமில்லை என்று நீங்கள் எழுதியிருக்கிறீர்களே, அந்த இளைஞர்கள் யார் என்பதையும் நோட்டில் எழுதுங்கள். பதினான்கு வயதுப் பெண் ஒருத்தி வந்தால் உங்கள் பூங்காவில் எங்கே உட்காருவாள், என்ன செய்வாள் என்று யோசித்துப் பாருங்கள். பல இடங்களில் அதற்குப் பதிலே கிடையாது.

உட்காருவது என்றதும் பெஞ்சு விஷயத்துக்கு வருகிறேன், ஏனென்றால் மலிவாக முடியும் வேலையில் அதிகப் பலன் தருவது இதுதான். வில்லியம் வைட் என்பவர் 1970-களில் நியூயார்க்கின் சிறு பொது இடங்களில் கேமரா வைத்து, எங்கே கூட்டம் சேருகிறது, எங்கே சேரவில்லை என்று ஆண்டுக்கணக்கில் பார்த்தார். உட்கார இடம் இருக்கும் இடத்தில்தான் மக்கள் உட்காருகிறார்கள் என்பது அவர் கண்ட முடிவு. இதற்கு ஆராய்ச்சி வேறா என்று தோன்றும், ஆனால் உட்கார இடமே இல்லாமல் எத்தனை பூங்காக்களைக் கட்டி வைத்திருக்கிறோம்! அவர் கவனித்த இன்னொன்று எனக்கு ரொம்பப் பிடிக்கும். நகர்த்தக்கூடிய நாற்காலி கிடைத்தால், உட்காருவதற்கு முன் ஆள் அதை ஒரு அங்குலமாவது தள்ளிப் போட்டுத்தான் உட்காருகிறார், தள்ள வேண்டிய அவசியமே இல்லாவிட்டாலும். அதே நகரத்தின் பிரையன்ட் பூங்கா 1970-களில் போதைப்பொருள் விற்பவர்களின் இடமாகக் கெட்டுப் போயிருந்தது. உயரமான வேலியும் புதரும் மறைத்து, உள்ளே என்ன நடக்கிறது என்று தெருவிலிருந்து பார்க்கவே முடியாது. மறைப்பை எடுத்து, வாசல்களை அகலமாக்கி, நகர்த்தும் நாற்காலிகள் போட்டு 1992-இல் மறுபடி திறந்தார்கள். இப்போது அங்கே நாற்காலி பிடிக்க ஆள் அலைகிறது.

நாற்காலி திருட்டுப் போகுமே என்பீர்கள். சில போகும். பயமாக இருந்தால் பெஞ்சே போடுங்கள், ஆனால் சாய்மானமும் கைப்பிடியும் வைத்துப் போடுங்கள். முழங்கால் வலி உள்ளவருக்கு உட்காருவதைவிட எழுந்திருப்பதுதான் கஷ்டம், கைப்பிடி இல்லாத பெஞ்சை அவர் ஒரு தடவை பார்த்துவிட்டு அடுத்த நாள் வராமலே இருந்துவிடுவார். வரிசையாகச் சுவரைப் பார்த்துப் போடாமல், ஆள் நடமாட்டத்தைப் பார்க்கிற மாதிரி, இரண்டிரண்டாக முகம் பார்த்துப் பேசுகிற மாதிரி, நிழலில் போடுங்கள். நிழல் இல்லையென்றால் இந்த ஆண்டே மரம் நடுங்கள், அது வளரும் வரைக்கும் கூரை போடுங்கள். விளக்கைப் பற்றியும் ஒரு வார்த்தை: ஒரு கம்பத்தில் கண்ணைக் கூச வைக்கும் பெரிய விளக்கு போடுவதைவிடப் பாதை நெடுகச் சின்ன விளக்குகள் நல்லது. பெரிய விளக்கின் வெளிச்சத்தில் நிற்பவருக்கு அதற்கு அப்பால் இருக்கும் இருட்டில் யார் நிற்கிறார் என்பது தெரியாது.

கழிப்பறை சுத்தமாகவும் திறந்தும் இருக்கட்டும். இதில் விளக்க எதுவும் இல்லை.

சரி, விளையாட்டுச் சாதனம். புதிது வாங்குவதற்கு முன் இருப்பதைப் போய்ப் பாருங்கள், குனிந்து, தொட்டுப் பாருங்கள். ஊஞ்சலின் சங்கிலி மேலே கொக்கியில் மாட்டியிருக்கும் இடத்தில்தான் தேயும். சங்கிலி தொங்கும்போது அது வெளியே தெரியாது, ஒரு கையால் தூக்கிப் பிடித்தால்தான் உள்பக்கம் பளபளவென்று மெலிந்திருப்பது தெரியும். கொக்கியின் வாய் மெல்லிய நாணயம்கூட நுழையாத அளவுக்கு மூடியிருக்க வேண்டும், இல்லாவிட்டால் துணியோ நாடாவோ மாட்டும். ஊஞ்சலுக்கு நேர் கீழே, பிள்ளைகள் கால் தேய்த்துத் தேய்த்துத் தரை குழிந்திருக்கும். மணலோ மரச்சிலாம்போ (சின்னச் சின்ன மரத்துண்டுகள்) போட்டிருந்தால் அது இரண்டு பக்கமும் தள்ளப்பட்டு, விழுகிற இடத்தில் மட்டும் கட்டாந்தரை இருக்கும். விளையாட்டிடத்தில் பெரும்பாலான காயங்கள் விழுவதால் வருபவை, அதனால் சாதனத்தைவிட அதன் கீழ் இருக்கும் தரைதான் முக்கியம். அமெரிக்க நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையத்தின் கையேடு, மரச்சிலாம்பு மாதிரி உதிரிப் பொருள் போட்டால் குறைந்தது 9 அங்குலம், அதாவது சுமார் 23 சென்டிமீட்டர் ஆழம் நிற்க வேண்டும் என்கிறது. அது நாளடைவில் அமுங்கும் என்பதால் 12 அங்குலம் போட்டால்தான் 9 நிற்கும். புல்லும் மண்ணும் மெத்தென்று இருப்பதாகத் தோன்றும், ஆனால் மிதிபட்டு இறுகிவிட்டால் அவை பாதுகாப்புத் தரைக் கணக்கில் வராது. சாதனத்தைச் சுற்றி எல்லாப் பக்கமும் 6 அடி காலியாக இருக்க வேண்டும். ஊஞ்சலுக்கு முன்னும் பின்னும் அது கட்டியிருக்கும் உயரத்தைப் போல் இரண்டு மடங்கு.

இன்னொன்று, டேப் எடுத்துக்கொண்டு போங்கள். கம்பிக்கும் கம்பிக்கும் நடுவில், படிக்கும் படிக்கும் நடுவில் உள்ள இடைவெளி மூன்றரை அங்குலத்துக்கும் 9 அங்குலத்துக்கும் இடையில் இருந்தால் ஆபத்து. சின்னக் குழந்தை கால் முதலில் உள்ளே விட்டு நழுவினால் உடம்பு போய்விடும், தலை மாட்டிக்கொள்ளும். பட்டறையில் சொல்லி வெல்டிங் வைத்துச் செய்யும் சாதனங்களில் இந்த இடைவெளியை யாரும் பார்ப்பதேயில்லை. பளிச்சென்று பெயின்ட் அடித்து இறக்கிவிட்டுப் போய்விடுவார்கள்.

விளையாட்டுச் சாதனங்களுக்கான ஐரோப்பியத் தரவிதி ஈஎன் 1176, சோதனையை மூன்று விதமாகப் பிரிக்கிறது. உடைந்த கண்ணாடி, விட்டுப்போன போல்ட் மாதிரிக் கண்ணுக்குத் தெரிவதை அடிக்கடி பார்ப்பது ஒன்று. தேய்மானத்தை ஒன்றிலிருந்து மூன்று மாதத்துக்கு ஒருமுறை பார்ப்பது அடுத்தது. அடித்தளம் உட்பட முழுச் சாதனத்தையும் ஆண்டுக்கு ஒருமுறை விஷயம் தெரிந்தவரை வைத்துப் பார்ப்பது மூன்றாவது. நீங்கள் எந்த நாட்டு விதியைப் பின்பற்றினாலும் இந்தப் பிரிவினை நல்லது. முதல் சோதனையைத் தோட்டக்காரரிடமே கொடுங்கள், தினமும் அங்கே இருப்பவர் அவர்தான். தேதி, பார்த்தது, செய்தது என்று மூன்று பத்தி போட்டு ஒரு நோட்டு வைத்தால் போதும். நாளைக்கு ஒரு விபத்து நடந்து கேள்வி வந்தால் உங்கள் பக்கம் பேச அந்த நோட்டு ஒன்றுதான் இருக்கும். அதைவிட முக்கியம், நோட்டு இருந்தால் வேலை நடக்கும்.

இதெல்லாம் முடிந்த பிறகும் புதிய சாதனம் வேண்டும் என்று கமிட்டி சொன்னால், வாங்கும் பணத்தோடு ஆண்டுப் பராமரிப்புப் பணத்தையும் அதே தீர்மானத்தில் எழுதச் சொல்லுங்கள். பெரிய கோட்டை மாதிரி வரும் பிளாஸ்டிக் சாதனத்தில் ஒரு பாகம் உடைந்தால் அந்தக் கம்பெனியின் உதிரிப் பாகம்தான் பொருந்தும், அது வரும் வரைக்கும் கயிறு கட்டி மூடி வைக்க வேண்டியதுதான். மாதக்கணக்கில் கயிறு கட்டிக் கிடக்கும் சறுக்குமரத்தைப் போல ஒரு பூங்காவைச் சோகமாக்குவது வேறொன்றும் கிடையாது. ஆம்ஸ்டர்டாமில் கட்டடக் கலைஞர் ஆல்டோ வான் ஐக் 1947-இலிருந்து முப்பது ஆண்டுகளில் எழுநூறுக்கும் மேற்பட்ட விளையாட்டிடங்களை அமைத்தார். மணல்தொட்டி, தொங்கிக் குட்டிக்கரணம் போட இரும்புக் கம்பி, தாண்டிக் குதிக்க வட்டக் கற்கள், ஓரத்தில் பெஞ்சு, பல இடங்களில் இவ்வளவுதான் இருந்தது. கோட்டையைக் கோட்டையாக மட்டும்தான் விளையாட முடியும், வட்டக் கல்லைப் பிள்ளைகள் தினம் ஒன்றாக மாற்றிக்கொள்வார்கள்.

இளைஞர்கள் பந்து விளையாடும் இடத்துக்குக் கோடு போட்டுக் கொடுங்கள், நேரமும் கொடுங்கள். இந்த இடம், இந்த நேரத்திலிருந்து இந்த நேரம் வரைக்கும் உங்களுடையது என்று சொல்லிவிட்டால் பாதிச் சண்டை அடங்கும். 'பந்து விளையாடக் கூடாது' என்று பலகை மட்டும் வைத்தால் அவர்கள் முதியவர்கள் நடக்கும் பாதையில்தான் விளையாடுவார்கள், வேறு எங்கே போவார்கள்? கோல் கம்பத்துக்கு முன்னால் உள்ள புல்தான் முதலில் செத்துப்போகும், அதனால் நகர்த்தக்கூடிய கம்பமாக வைத்து ஆட்ட இடத்தை அவ்வப்போது தள்ளிப் போடுங்கள். ஆனால் நகர்த்தும் கம்பத்தைத் தரையில் முளையடித்தோ எடை வைத்தோ கட்டியே தீர வேண்டும். பிள்ளைகள் அதில் தொங்கி, அது கவிழ்ந்து மேலே விழுந்து உயிர்ப்பலி ஆனது பல நாடுகளில் நடந்திருக்கிறது. ஆடாத நேரத்தில் இரண்டு கம்பத்தையும் முகத்துக்கு முகம் சேர்த்துச் சங்கிலி போட்டுப் பூட்டிவிடலாம்.

இனி நிகழ்ச்சிகள். வெறிச்சோடிய பூங்காவுக்கு ஆள் வரவைப்பது ஒரே மாதிரி, ஒரே நேரத்தில், விடாமல் நடக்கும் சின்ன நிகழ்ச்சி. 2004 அக்டோபரில் லண்டனில் புஷி பூங்காவில் 13 பேர் சேர்ந்து ஓடினார்கள். அடுத்த சனிக்கிழமையும் ஓடினார்கள், அதற்கடுத்த சனிக்கிழமையும். இன்று பார்க்ரன் என்ற பெயரில் அது இருபதுக்கும் மேற்பட்ட நாடுகளில் நடக்கிறது. சனிக்கிழமை காலை, 5 கிலோமீட்டர், கட்டணம் கிடையாது, தொண்டர்களே நடத்துகிறார்கள். ஓட முடியாதவர் நடக்கலாம், நடக்கவும் முடியாதவர் நேரம் குறிக்கலாம். மேடை இல்லை, மைக் இல்லை, சிறப்பு விருந்தினர் இல்லை. கொலம்பியாவின் போகோட்டாவில் 1974-இலிருந்து ஞாயிற்றுக்கிழமைகளில் முக்கியச் சாலைகளை மூடி நடக்கவும் சைக்கிள் ஓட்டவும் விடுகிறார்கள், பூங்காக்களில் பயிற்சியாளரை வைத்துப் பாட்டுப் போட்டு உடற்பயிற்சியும் நடக்கிறது. அடுத்து எப்போது என்று யாரும் கேட்க வேண்டியதில்லை என்பதுதான் இவற்றின் ரகசியம். ஞாயிறு வந்தால் உண்டு.

உங்கள் டவுன்ஷிப்பில் அது என்னவாக இருக்க வேண்டும் என்று நான் இங்கிருந்து சொல்ல முடியாது, உங்கள் நோட்டுதான் சொல்லும். காலையில் நடக்க வரும் பத்துப் பேர் இருந்தால் அவர்களை ஒட்டியே ஒரு உடற்பயிற்சி வகுப்பு. மாலையில் பிள்ளைகளைக் கூட்டி வந்துவிட்டுப் போனைப் பார்த்துக்கொண்டிருக்கும் பெற்றோர் இருந்தால் அதே நேரத்தில் கதை சொல்லல், கேரம், புத்தகம் மாற்றிக்கொள்ளும் அலமாரி, எதுவானாலும். ஏற்கெனவே வருகிற ஆளை அரை மணி நேரம் கூடுதலாக இருக்க வைப்பது, வராத ஆளை வரவைப்பதைவிடச் சுலபம், அவர்களைப் பார்த்துத்தான் மற்றவர்களும் வருவார்கள். முதல் சில வாரம் நாலு பேர்தான் வருவார்கள். அதைப் பார்த்து நிறுத்திவிடாதீர்கள், ஒரு பருவம் முழுக்க நடத்தாமல் முடிவெடுக்காதீர்கள் என்று கமிட்டியிடம் முன்கூட்டியே ஒப்புதல் வாங்கிவிடுங்கள். நடத்துகிறவர் இரண்டு பேர் இருக்கட்டும். ஒருவர் மட்டும் என்றால் அவருக்குக் காய்ச்சல் வந்த வாரம் நிகழ்ச்சி நிற்கும், ஒரு வாரம் நின்றால் பழக்கம் விட்டுப்போகும்.

ஆண்டு விழாவை நிறுத்தச் சொல்லவில்லை. கொஞ்சம் சுருக்குங்கள், அதோடு இந்த விஷயங்களைப் பார்த்துக்கொள்ளுங்கள். சத்தத்தைப் பொறுத்தவரை, மேடையின் முதுகு வீடுகளைப் பார்த்து இருக்கட்டும், ஸ்பீக்கரின் முகம் திறந்தவெளியைப் பார்க்கட்டும். திறந்தவெளியில் ஒரு ஸ்பீக்கரிலிருந்து தூரம் இரட்டிப்பாகும்போது சத்தம் சுமார் 6 டெசிபல் குறையும். அதனால் மேடையில் இரண்டு பெரிய ஸ்பீக்கரை அலறவிட்டுக் கடைசி வரிசை வரை கேட்க வைப்பதைவிட, கூட்டத்துக்குள்ளேயே ஆறு சின்ன ஸ்பீக்கரைத் தாழ்வாகப் பரப்பி மெதுவாக வைத்தால் உள்ளே நன்றாகக் கேட்கும், பக்கத்து வீட்டு ஜன்னலும் அதிராது. முடியும் நேரத்தை எழுதி ஒட்டுங்கள், அந்த நேரத்துக்கு மைக்கை நிறுத்தும் அதிகாரம் ஒரே ஆளிடம் இருக்கட்டும், அவர் மேடையில் உட்காருபவராக இருக்கக் கூடாது. முதியவர்கள் சத்தத்தைவிட அதிகமாக வெறுப்பது எப்போது முடியும் என்று தெரியாமல் இருப்பதை.

வண்டி. சாமான் இறக்க வரும் லாரியை ஈரமான புல்தரையில் விடவே விடாதீர்கள், மரத்தடியில் நிறுத்தவும் விடாதீர்கள். மரத்தின் வேர்களில் பெரும்பாலானவை மண்ணுக்குள் மேலாக, சுமார் அரை மீட்டர் ஆழத்துக்குள்தான் இருக்கின்றன, கிளை விரிந்திருக்கும் எல்லையையும் தாண்டிப் போகின்றன. மண் அமுங்கினால் காற்றும் நீரும் இறங்காது. மரம் அன்றைக்கே வாடாது, இரண்டு மூன்று ஆண்டு கழித்து உச்சிக் கிளை காயும்போது அந்த லாரியை யாரும் நினைத்துப் பார்க்க மாட்டார்கள். நான் வேலை பார்த்த ஓர் இடத்தில் விழாப் பொருள் இறக்கிய ஒப்பந்தக்காரர் 'அஞ்சே நிமிஷம் சார்' என்று உள்ளே ஓட்டிய லாரி, மழை பெய்திருந்த மண்ணில் அச்சு வரைக்கும் இறங்கி, அதை இழுக்க இன்னொரு வண்டி வந்து, அதுவும் இறங்கி, விளையாட்டு மைதானத்தில் பாதியைப் பல மாதம் கம்பி கட்டி மூட வேண்டியதாயிற்று. அதிலிருந்து லாரி வருகிற அன்று கேட் சாவி என் பாக்கெட்டில்தான் இருக்கும்.

கூட்டத்தில், நிற்கும் இடத்தில் ஒரு சதுர மீட்டருக்கு நாலு பேரைத் தாண்டும்போதே ஜாக்கிரதை வேண்டும், அதற்கு மேல் போனால் ஆள் தன் இஷ்டத்துக்கு நகர முடியாது. உள்ளே வரும் வழியும் வெளியே போகும் வழியும் ஒன்றாக இருக்கக் கூடாது, பூட்டிய பின்வாசலைத் திறந்து ஆள் நிறுத்துங்கள், தின்பண்டக் கடைகளை வாசலை ஒட்டிப் போடாதீர்கள். இடி கேட்டால் மின்னல் தாக்கும் தூரத்தில் இருக்கிறீர்கள் என்று பொருள். நிகழ்ச்சியை நிறுத்திக் கட்டடத்துக்குள்ளோ கார்களுக்குள்ளோ அனுப்புங்கள், மரத்தடிக்கோ கூடாரத்துக்கோ அல்ல, கடைசி இடிக்கு 30 நிமிடம் கழித்துத்தான் மறுபடி தொடக்கம். காணாமல் போன குழந்தைக்கு ஒரு இடம், எல்லோர் கண்ணிலும் படுகிற மாதிரி. குழந்தை கிடைத்தால் அதன் பெயரையும் உடை நிறத்தையும் மைக்கில் சொல்லாதீர்கள், அதைக் கேட்டுக்கொண்டு யார் வேண்டுமானாலும் வந்து நிற்கலாம். பெற்றோரை வரச் சொல்லி, அவர்கள் வாயால் அடையாளம் சொல்ல வையுங்கள். குப்பையை அன்றிரவே அள்ளிவிடுங்கள். மறுநாள் காலை நடக்க வருபவருக்கு விழா நடந்ததே தெரியக் கூடாது.

நிரந்தர மேடை வேண்டாம் என்பது என் கருத்து. ஆண்டில் இரண்டு நாளுக்குப் பயன்பட்டு மீதி நாள் எல்லாம் யாரும் பார்க்காத மறைவிடமாக நிற்கும் கான்கிரீட் அது. கழற்றி மாட்டும் மேடையை வாடகைக்கு எடுங்கள். அதற்குப் பதிலாக மின் இணைப்பும் தண்ணீர்க் குழாயும் நல்ல இடத்தில் நிரந்தரமாகப் போட்டுக்கொண்டால், புல்லின் மேல் வயர் இழுக்கும் வேலை மிச்சம், வாராந்திர நிகழ்ச்சிக்கும் அது உதவும்.

கமிட்டியில் இதை எப்படிப் பேசுவது என்பதுதான் உங்களுக்குக் கஷ்டமாக இருக்கும். விழாவுக்கு எதிராகப் பேசுவது மாதிரி ஆரம்பித்தால் அந்த நிமிடமே தோற்றுவிடுவீர்கள். நோட்டைக் கொண்டுபோங்கள். இந்தக் கிழமை இந்த நேரத்தில் பெரிய பூங்காவில் இத்தனை பேர் இருந்தார்கள், ஊஞ்சலில் இது தேய்ந்திருக்கிறது, இந்த இடைவெளி இவ்வளவு இருக்கிறது என்று போட்டோவோடு ஒரே பக்கத்தில் வையுங்கள். விழாப் பணத்தில் ஒரு பங்கை இந்த ஓர் ஆண்டுக்கு மட்டும் பராமரிப்புக்கும் வாராந்திர நிகழ்ச்சிக்கும் மாற்றிப் பார்ப்போம், அடுத்த ஆண்டு இதே கணக்கை எடுத்துப் பார்த்து முடிவு செய்வோம் என்று கேளுங்கள். ஓர் ஆண்டுக்கு என்றால் பெரும்பாலும் சரி என்பார்கள். யாராவது நன்கொடை தர முன்வந்தால் வாங்குங்கள், ஆனால் தருபவர்கள் எப்போதும் பெயர்ப்பலகை வைக்கக்கூடிய பொருளைத்தான் தருவார்கள், பராமரிப்புக்குத் தர மாட்டார்கள். ஆகவே 'பெஞ்சு தருகிறவர் பத்து ஆண்டுப் பராமரிப்பையும் சேர்த்துத் தர வேண்டும்' என்று ஒரு விதி போட்டுவிடுங்கள், பெயர்ப்பலகை தாராளமாக வைத்துக்கொள்ளட்டும்.

புகார்களுக்கு ஒரே எண், ஒரே ஆள். வந்த புகாருக்கு முடியும் என்றால் எப்போது என்று, முடியாது என்றால் ஏன் என்று சில நாளுக்குள் பதில் போய்விட வேண்டும். சரிசெய்ததை அந்த இடத்திலேயே சின்னதாக எழுதி ஒட்டுங்கள்.

நாய் விஷயம். முழுத் தடை போட்டால் இருட்டிய பிறகு கூட்டி வருவார்கள், கழிவு அப்படியே கிடக்கும், சண்டை தொடரும். விளையாட்டிடத்துக்குள்ளும் மணல்தொட்டிப் பக்கமும் எப்போதும் கிடையாது, அதற்கு வேலி போடுங்கள். மற்ற இடங்களில் கயிற்றோடு வரலாம். உங்களிடம் இரண்டு சின்னப் பூங்காக்கள் இருக்கின்றனவே, அதில் ஆள் குறைவாக வருவதில் ஒரு மூலையை, இரட்டைக் கதவு வைத்து, கயிறு அவிழ்த்துவிட ஒதுக்கலாம். முதல் கதவைச் சாத்திவிட்டு அடுத்ததைத் திறந்தால் நாய் ரோட்டுக்கு ஓடாது. கழிவு அள்ளப் பையும், மூடி போட்ட தொட்டியும் நாய்க்காரர்கள் நுழையும் இடத்திலேயே இருக்கட்டும், உள்ளே தேடிப் போக வைக்காதீர்கள். விதியை எழுதும்போது நாய் வளர்ப்பவர் ஒருவரைக் கூட வைத்துக்கொள்ளுங்கள், பிறகு அதை மீறுகிறவரிடம் பேசப் போவதும் அவராகவே இருக்கட்டும்.